கோயிலின் ஆடை

கி. பி. ஆறாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மஸ் என்னும் வணிகர் எழுதிய நூல், எதியோப்பியாவிலிருந்து இலங்கைக்குக் கப்பல்கள் வந்தன என்று கூறுகின்றது. அக்காலத்து எதியோப்பியாவை ஆண்டது அக்சும் இராச்சியம். அது வாணிகத்திற் சிறந்த நாடாக மட்டுமன்றிக் கிறித்தவ நாடாகவும் விளங்கிற்று. அங்கே வேரூன்றிய சமயம் இன்றுவரை காத்துவரும் செல்வமொன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அச்செல்வம் பொன்னன்று, மணியன்று, காடு.

நான்காம் நூற்றாண்டிலே, தீர் நகரத்து இளைஞராகிய புருமென்சியுஸ் என்பவர் சிறைப்பட்டு அக்சும் அரண்மனையை அடைந்தார். அறிவினாலும் ஒழுக்கத்தினாலும் அரசரின் நம்பிக்கையைப் பெற்ற அவரைப் பின்னர் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் அந்நாட்டின் முதல் ஆயராக அபிடேகஞ் செய்தார். ஏசானா மன்னர் கிறித்தவராயினார். அவர்தம் நாணயங்களில் முன்பு பிறையும் வட்டமும் இருந்த இடத்திலே சிலுவை பொறிக்கப்பட்டது.

அன்று தொடங்கிய எதியோப்பியத் திருச்சபையின் கோயிலமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. வடக்கு மேட்டுநிலத்துக் கோயில்கள் பெரும்பாலும் வட்ட வடிவமானவை. நடுவே உடன்படிக்கைப் பேழையைக் குறிக்கும் தாபோத் என்னும் திருப்பலகை வைக்கப்பட்டிருக்கும். குருமாரன்றிப் பிறர் அங்கே செல்லலாகாது. அதனைச் சுற்றி வழிபடுவோர்க்குரிய வட்டங்கள் அமைந்திருக்கும். அவற்றிற்கும் அப்பால், எல்லாவற்றையும் சூழ்ந்து நிற்பது காடு. அக்காடு கோயிலின் புறத்தே உள்ள தோட்டமன்று, கோயிலின் கடைசி வட்டமேயாகும். மரமில்லாத கோயில் ஆடையில்லாத மனிதனை ஒக்கும் என்று அவ்வூரார் கூறுவர்.

அந்நிழலிலே இறந்தோர் அடக்கஞ் செய்யப்படுகின்றனர். வேதம் பயிலும் மாணாக்கர் சிறு குடில்களில் வாழ்கின்றனர். துறவியர் தனித்திருந்து செபிக்கின்றனர். சூனிப்பர், காட்டு ஒலிவம், கொசோ முதலிய நாட்டு மரங்கள் அங்கே ஓங்கி நிற்கின்றன. அவற்றை நம்பிப் பறவைகளும் தேனீக்களும் வாழ்கின்றன. சில காடுகளிற் கறுப்பும் வெள்ளையுமான நீண்ட உரோமமுடைய குரங்குகளும் உண்டு. கோயிலின் தேவைக்கு மரம் வெட்டுவதுண்டாயினும், தன் வீட்டுத் தேவைக்கு அதனை வெட்ட ஊரவன் அஞ்சுவான்.

இவ்வச்சத்தின் பயன் பெரிது. பன்னூறாண்டுகளாக ஏர் நடந்த அம்மேட்டுநிலத்திலே பழைய காடுகளிற் பெரும்பகுதி வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்டது. விமானத்திலிருந்து நோக்குவோர்க்குக் கபில நிறக் கடலிலே பச்சைத் தீவுகள் மிதப்பதுபோலக் கோயிற்காடுகள் தோன்றும். தென் கொண்டார் என்னும் பகுதியில் மட்டும் இத்தகைய காடுகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றும் சராசரியாகப் பன்னிரண்டு ஏக்கர் அளவினதே.

1975ஆம் ஆண்டிலே புரட்சி அரசாங்கம் நாட்டுப்புற நிலங்களையெல்லாம் அரசுடைமையாக்கியது. திருச்சபையும் தன் பெருநிலங்களை இழந்தது. ஆயினும் கோயிற்காடுகள் அழியவில்லை. 1938ஆம் ஆண்டளவில் இத்தாலியர் எடுத்த வான்படங்களை அண்மைக்காலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர், அக்காடுகளின் பரப்பு பெரிதும் மாறவில்லை எனக் கண்டனர். அவற்றைக் காத்தது நில உறுதியன்று, மக்கள் மனத்திலிருந்த பயபக்தியே என்பது இதனாற் புலனாகும்.

எனினும், அப்படங்கள் வேறொன்றையும் காட்டின. காடுகளைச் சுற்றி முன்பு பரந்திருந்த புதர்நிலம் மறைந்துவிட்டது. வயலின் விளிம்பு மரத்தின் அடிவரை வந்துவிட்டது. அலெமாயெகு வாசியே என்னும் எதியோப்பிய அறிஞர் இருபத்தெட்டுக் கோயில்களின் காடுகளை ஆராய்ந்து, 168 வகையான மரஞ்செடிகொடிகளைக் கணக்கிட்டார். முதுமரங்கள் நிமிர்ந்து நின்றன, இளங்கன்றுகளோ அரியனவாயிருந்தன. உள்ளே புகுந்த மாடுகளும் ஆடுகளும் முளைகளை மேய்ந்தும் மிதித்தும் அழித்துவந்தன. மண்ணைச் சோதித்தபோது, பெரும்பாலான மரவகைகளின் வித்துக்கள் அதிலே நெடுங்காலம் உறங்கிக் கிடப்பதில்லை என்பதும் தெரிந்தது. தாய்மரம் வீழ்ந்தால் அவ்விடத்தில் அதன் வழித்தோன்றல் எழுவதற்கு வழியில்லை. இவற்றோடு, விரைவிற் பணந்தரும் யூக்கலிப்டஸ் மரமும் சில கோயில் வளவுகளிற் புகுந்துவிட்டது.

கோடரிக்குத் தடையிட்ட பக்தி மாட்டின் வாய்க்குத் தடையிடவில்லை. மரத்தை வெட்டுவது பாவம் என்று அறிந்திருந்த மக்கள், கன்று முளையாதொழிவதை இழப்பாக உணரவில்லை. அது ஓசையின்றி நிகழும் அழிவு. ஒரு தலைமுறையின் கண்ணுக்கு அது தோன்றுவதில்லை.

2008ஆம் ஆண்டிலே வாசியே, அமெரிக்க அறிஞர் மார்கரெட் லோமன் என்பவரைச் சந்தித்தார். இருவரும் குருமாரைக் கூட்டி, வானிலிருந்து எடுத்த படங்களை அவர்களுக்குக் காட்டினர். தீர்வு எளியதாயிருந்தது. உழவர்க்கு இடையூறாக வயல்களிற் கிடந்த கற்களைப் பொறுக்கி, காட்டைச் சுற்றி மதில் எழுப்பினர். வயலுஞ் சீர்பட்டது; காடும் காவல் பெற்றது. சில ஊரார் இருந்த விளிம்புக்கு அப்பாலே மதிலை அமைத்து, காடு வளர்வதற்கும் இடம் விட்டனர். மதிலுக்குள்ளே கன்றுகள் மீண்டும் தலைதூக்கின.

ஏதேன் தோட்டத்திலே மனிதன் வைக்கப்பட்டது அதனைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரம் கூறும். அவை இரண்டு கடமைகள். எதியோப்பிய உழவன் பண்படுத்துதலை வயலிலும் காத்தலைக் கோயிலிலும் செய்துவந்தான். வயலின் கல்லே கோயிலின் மதிலாகியபோது அவ்விரு கடமைகளும் ஒன்றாயின. அங்கே அறிஞர் பக்தியைப் போதிக்க வேண்டியிருக்கவில்லை. அது ஆயிரத்தறுநூறு ஆண்டுகளாக அங்கே இருந்தது. எதைக் காக்கத் தவறினோம் என்பதை மட்டும் அவர்கள் காட்டினர். நிற்கும் மரத்தை வணங்குதல் எளிது. நாளை நிற்க வேண்டிய கன்றுக்கு இன்றே வேலியிடுதல்தான் அவ்வணக்கத்தை முழுமையாக்கும்.