கொல்லிமலை மிளகு வேளாண்மை

கொல்லிமலை மிளகு வேளாண்மை என்பது தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில், மலையாளிப் பழங்குடியினர் மேற்கொண்டு வரும் நிலைத்த பயிர்த்தொழில் ஆகும். இம்மக்களின் தாய்மொழி தமிழ். இங்கு 'மலையாளி' என்பது மலையில் வாழ்வோரைக் குறிக்கும். பெயர்ச்சி வேளாண்மையிலிருந்து மரநிழல் தோட்டங்களுக்கு மாறியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

பெயர்ச்சி வேளாண்மை

காட்டின் ஒரு பகுதியை வெட்டி எரித்து, அச்சாம்பல் தரும் வளத்தில் சில ஆண்டுகள் பயிரிட்டு, வளம் குன்றியதும் வேறிடம் செல்லும் முறை பெயர்ச்சி வேளாண்மை எனப்படும். இவ்வாறு பயிரிடும் நிலம் தமிழில் புனம் என்றும், இலங்கையில் சேனை என்றும் வழங்கப்படுகிறது. வடகிழக்கு இந்தியாவில் இம்முறையின் பெயர் ஜூம். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலியன விளைந்தன. கைவிட்ட நிலம் மீண்டும் காடாகப் பல ஆண்டுகள் தேவை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கக் காடுகளாக்க வழிசெய்தது, மக்கள்தொகையும் பெருகியது. நிலத்தைத் தரிசாக விடும் காலம் குறுகினால் மண் அரிப்பு மிகும், விளைச்சல் குறையும்.

மிளகுத் தோட்டம்

மிளகு, மரத்தைப் பற்றிப் படரும் பல்லாண்டுக் கொடியாகும். புனத்திற்காக வெட்டப்பட்ட மரம், மிளகுக்குப் படர்மரமாக உயிருடன் நிற்க வேண்டும். மாற்றத்தின் அடிப்படை இதுவே. சில்வர் ஓக், பலா, கலியாண முருங்கை ஆகியவற்றில் கொடியை ஏற்றி, இடையே காப்பி பயிரிடலாம். மரவேர்கள் சரிவின் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. உதிரும் இலைகள் மட்கி உரமாகின்றன. கொடி மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டுகளில் முழு விளைச்சல் தரும். பச்சை மிளகை உலர்த்தினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையே எஞ்சும்.

சிக்கல்கள்

கொடி காய்க்கும்வரை குடும்பத்திற்கு வேறு வருவாய் வேண்டும். மழைக்காலத்தில் நீர் தேங்கினால் வாடல் நோய் தோட்டத்தையே அழிக்கக்கூடும். விலை உலகச் சந்தையைச் சார்ந்தது. மேலும், சாமையைப் போல மிளகு பசியாற்றாது. விலை சரியும் ஆண்டில் உணவும் குறையும். சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதும் சிறுதானியப் பரப்பைச் சுருக்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்குச் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது.

நில உரிமையும் இன்றியமையாதது. நாளை வெளியேற்றப்படலாம் எனும் நிலையில் எவரும் பல்லாண்டுக் கொடியை நடமாட்டார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் பயிரிட்டு வரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. சிறுதானியத்திற்குச் சிறிது நிலத்தை ஒதுக்கி, எஞ்சியதில் மிளகு பயிரிடுவது உணவையும் வருவாயையும் ஒருங்கே காக்கும் வழியாகும்.