செவிக்கு வந்த செய்தித்தாள்

காலையில் மின்சார ரயிலில் செல்லும்போது எதிர் இருக்கையில் உள்ளவரைச் சற்றுக் கவனியுங்கள். காதில் சிறு குமிழைச் செருகிக்கொண்டு கண்களை மூடி உட்கார்ந்திருக்கிறார். சினிமாப் பாட்டுக் கேட்கிறார் என்றுதான் எண்ணுவோம். ஆனால் அவர் கேட்பது நேற்று நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தைப் பற்றிய உரையாடலாக இருக்கலாம். புதிதாக வந்த ஒரு கணிப்பொறிச் சில்லைப் பற்றிய விளக்கமாகவும் இருக்கலாம். இதற்குப் பாட்காஸ்ட் என்று பெயர். தமிழில் வலையொலி என்றும் சொல்கிறார்கள். கைபேசியோடு சேர்ந்து பிறந்த புதுமை இது என்று நீங்கள் நினைத்தால் அது சரியன்று. செய்தியைக் காதால் கேட்க வேண்டும் என்ற ஆசை வானொலிக்கும் முந்தியது. கதை 1893ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் தொடங்குகிறது.

திவடார் புஷ்காஷ் என்பவர் அந்நாட்டுக்காரர். எடிசனோடு பணியாற்றியவர், பாரிஸ் நகரில் தொலைபேசி இணைப்பகம் அமைப்பதில் பங்கு கொண்டவர். இருவர் பேசிக்கொள்ளப் பயன்படும் கம்பியில் ஒருவர் பேசப் பல்லாயிரம் பேர் ஏன் கேட்கக் கூடாது என்று அவர் யோசித்தார். 1893 பிப்ரவரி 15ஆம் நாள் ‘டெலிபோன் ஹிர்மோண்டோ’ தன் பணியைத் தொடங்கியது. ஹிர்மோண்டோ என்றால் செய்தி சொல்பவன் என்று பொருள். சந்தா கட்டியவர் வீட்டுச் சுவரில் கேட்கும் குழல்கள் இரண்டு தொங்கும். எந்த மணிக்கு என்ன கேட்கலாம் என்ற அட்டவணையும் உண்டு. நாட்டுச் செய்தி, அயல்நாட்டுச் செய்தி, நாடாளுமன்ற நடவடிக்கை, பங்குச் சந்தை விலை, மாலையில் இசை நாடகம்!

ஒலியைப் பெருக்கும் வால்வுகள் அக்காலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். படிப்பவரின் தொண்டை பலமே அந்த நிறுவனத்தின் பெருக்கி. ஆகவே உரத்த குரல் உடையவர்களாகப் பார்த்து வேலைக்கு அமர்த்தி, மாற்றி மாற்றிப் படிக்க வைத்தார்கள். புஷ்காஷ் பாவம், தொடங்கிய ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்துவிட்டார். ஆனால் அவருடைய செய்தித்தாள் நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளில் சந்தாதாரர் ஆறாயிரத்தைத் தாண்டினர். 1925இல் ஹங்கேரியில் வானொலி நிலையம் தொடங்கியபோது அதைத் தொடங்கியதும் இதே நிறுவனந்தான். அதன் பிறகும் 1944 வரை கம்பிவழி ஒலி அங்கே உயிரோடு இருந்தது.

இவ்வளவு சிறப்பாக நடந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. அட்டவணைப்படி குறித்த மணிக்கு நீங்கள் குழலைக் காதில் வைத்தாக வேண்டும். தவறவிட்டால் செய்தி காற்றோடு போயிற்று. எதைச் சொல்வது, எதை விடுவது என்பதையும் கம்பிக்குச் சொந்தக்காரரே தீர்மானிப்பார். 1920 நவம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து கே.டி.கே.ஏ. நிலையம் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவை ஒலிபரப்பியபோது கம்பி மறைந்தது. இந்தக் குறை மறையவில்லை. வானலைகள் எங்கும் அரசின் பொறுப்புக்குள் வந்தன. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வானொலிப் பெட்டி வைத்திருக்கவே லைசென்சு வாங்கி, ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்திய காலத்தைச் சொல்வார்கள். ஒலிபரப்புவோருக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். தனியார் எஃப்.எம். நிலையங்கள் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், சொந்தச் செய்தி கூடாது என்றே 2011ஆம் ஆண்டின் விதியும் கூறியது.

இனி இணையத்துக்கு வருவோம்.

1993 ஏப்ரலில் அமெரிக்கரான கார்ல் மலமூட் ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’ என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். இணையத்தைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களுள் ஒருவரை வாரந்தோறும் பேட்டி கண்டு, அந்தப் பேச்சை ஒலிக்கோப்பாக அனுப்பினார். விரும்பியவர் எடுத்து வைத்துக்கொண்டு, விரும்பிய நேரத்தில் கேட்கலாம். புடாபெஸ்ட் அட்டவணையின் பிடி தளர்ந்த இடம் இது. ஆனால் இதில் உள்ள சிரமத்தை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். தொலைபேசித் தரத்தில் பேச்சைப் பதிவு செய்ய ஒரு விநாடிக்கு 8,000 பைட் தேவை. அரை மணி நேரத்துக்கு, அதாவது 1,800 விநாடிக்கு, 1,44,00,000 பைட். அக்காலத்து வீட்டு மோடம் ஒன்று விநாடிக்கு 14,400 பிட், அதாவது 1,800 பைட் கொண்டுவரும். வகுத்துப் பாருங்கள்: 8,000 விநாடி. இரண்டு மணி பதின்மூன்று நிமிடம்! அரை மணிப் பேச்சுக்கு இரண்டு மணிக்கு மேல் காத்திருக்க எவருக்குப் பொறுமை இருக்கும்? ஆகவே பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேகமான இணைப்பு உடையவர்களுக்கே இது எளிதாயிற்று. மனிதக் காது கவனிக்காத ஒலி விவரங்களை விட்டுவிட்டு, கோப்பைச் சுருக்கும் எம்.பி.3 முறை பரவிய பிறகு நிலைமை சற்று மாறியது.

கோப்பு சுருங்கியது, சரி. புதிய பேச்சு வந்திருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் ஒவ்வோர் இணையதளமாகச் சென்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எந்திரப் பொறியியல் படித்து, பின்பு அமெரிக்கா சென்றவர் ராமநாதன் குஹா. 1999 மார்ச்சில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தபோது, ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்புகளை மற்றொரு கணிப்பொறி தானே படித்துக்கொள்ளும்படி எழுதும் முறையை அவர் உருவாக்கினார். அதற்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். (நம் நாட்டில் இந்த மூன்றெழுத்துக்கு வேறு பொருளும் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) நூலக வாசலில் ‘புதிய வரவுகள்’ என்று பலகை வைத்திருப்பார்கள் அல்லவா? அதைப் போன்ற ஒரு பட்டியல்தான் இது. வெறும் எழுத்தாலான சிறு கோப்பு. உங்கள் கணிப்பொறி அவ்வப்போது சென்று பலகையைப் பார்த்துவிட்டு வரும்.

அந்தப் பட்டியலில் தலைப்பு இருந்தது, ஒலி இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆடம் கறி என்ற முன்னாள் தொலைக்காட்சி அறிவிப்பாளர், டேவ் வைனர் என்ற மென்பொருள் வல்லுநரைச் சந்தித்தார். கறியின் யோசனை மிக எளிது. ஆள் காத்திருக்க வேண்டாம், எந்திரம் காத்திருக்கட்டும். இரவில் நாம் தூங்கும்போது கணிப்பொறி பட்டியலைப் பார்த்து, கோப்பை மெல்ல மெல்லக் கொண்டுவந்து வைக்கட்டும், விடிந்ததும் கேட்போம். மேலே நாம் போட்ட கணக்கை இந்த ஒரு யோசனை தூக்கி எறிந்துவிட்டது. இரண்டு மணி ஆனால் என்ன, நான்கு மணி ஆனால் என்ன? வைனர் அதற்கேற்ப ஆர்.எஸ்.எஸ். பட்டியலில் ஒலிக்கோப்பின் முகவரி, அளவு, வகை மூன்றையும் குறிக்க ஒரு வரி சேர்த்தார். தீபாவளி மலரோடு ‘இலவச இணைப்பு’ தருவார்களே, அதைப் போல இதற்கும் ‘இணைப்பு’ என்ற பொருள் தரும் பெயரே அமைந்தது. பாட்காஸ்டின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்பது என் கருத்து. ஒலிப்பதிவு பழையது, இணையமும் பழையது, அந்த வரிதான் புதியது.

அதை முதலில் நன்கு பயன்படுத்தியவர் ஓர் அரசியல் நிருபர். கிறிஸ்டோபர் லைடன் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பணியாற்றியவர். பின்பு பாஸ்டன் வானொலி நிலையம் ஒன்றில் புகழ்பெற்ற உரையாடல் நிகழ்ச்சியை நடத்தினார். நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் 2001இல் வெளியேற நேர்ந்தது. நிலையம் இல்லாத வானொலிக்காரர் என்ன செய்வார்? 2003 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, தொழில்நுட்பத்தையும் அரசியலையும் பற்றிய பேட்டிகளை எம்.பி.3 கோப்புகளாக வெளியிடத் தொடங்கினார். அப்போது அங்கே இருந்த வைனர் அவற்றுக்குப் பட்டியல் அமைத்துக் கொடுத்தார். லைடனின் முதல் பேட்டியும் வைனரோடுதான். உரிமம் வாங்கவில்லை, கோபுரம் கட்டவில்லை, எந்த நிலைய மேலாளரிடமும் நேரம் கேட்கவில்லை.

பெயர் பிறகுதான் வந்தது. 2004 பிப்ரவரியில் லண்டன் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்பவர், இந்தப் புதுமையை எப்படி அழைப்பது என்று சில சொற்களைப் போகிற போக்கில் எழுதிப் பார்த்தார். அவற்றுள் ஒன்று நிலைத்தது. ஐபாட் என்ற பாட்டுப் பெட்டியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பாதியும் சேர்ந்தது அது. ஐபாடைத் தயாரிப்பதை 2022இல் நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கிறது. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் சுமார் 3,000 பாட்காஸ்டுகளைச் சேர்த்தபோது, இரண்டே நாளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாக்கள் பதிவாயின. 2017இல் நியூயார்க் டைம்ஸ் ‘தி டெய்லி’ என்ற பெயரில் அன்றாடச் செய்தி பாட்காஸ்டைத் தொடங்கியது. புடாபெஸ்டில் தொடங்கிய செவிவழிச் செய்தித்தாளை இப்போது ஓர் அச்சு நாளிதழே நடத்தலாயிற்று.

வாசலில் காவலர் இல்லை என்றால் நல்லவரும் வருவார், பொல்லாதவரும் வருவார். 2024 அமெரிக்கத் தேர்தலின்போது டொனால்ட் டிரம்ப், ஜோ ரோகன் என்பவரின் பாட்காஸ்டில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினார். கமலா ஹாரிஸும் ‘கால் ஹெர் டாடி’ என்ற நிகழ்ச்சியில் பேசினார். வானொலியில் பத்து நிமிடம் கிடைக்கும் தலைவரை மூன்று மணி நேரம் கேட்க முடிவது ஒரு லாபம். தவறாகச் சொன்னால் அங்கேயே மடக்கிக் கேட்கும் அனுபவமுள்ள செய்தியாளர் எதிரே இல்லாமற்போவது நஷ்டம். ஆகவே அரசியல் பாட்காஸ்ட் கேட்கும்போது, பேசுபவர் யார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, சொன்ன எண்ணிக்கைக்கு ஆதாரம் காட்டினாரா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலை முன்பு ஆசிரியருடையது. இப்போது கேட்பவர் தலையில் விழுந்திருக்கிறது.

வேறொரு சிக்கலும் சந்தடியில்லாமல் வளர்ந்தது. பெரிய நிறுவனங்கள் சில நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கி, தங்கள் செயலியில் மட்டுமே கேட்கலாம் என்று செய்தன. ரோகனின் நிகழ்ச்சியே 2020 இறுதியிலிருந்து சில ஆண்டுகள் ஸ்பாட்டிஃபை நிறுவனத்தின் வேலிக்குள் இருந்தது. அத்தகைய நிகழ்ச்சிக்குப் பொதுப் பட்டியல் இராது. பழைய புடாபெஸ்ட் கம்பிதான் மீண்டும் வருகிறது! நீங்கள் கேட்கும் நிகழ்ச்சி எந்தப் பக்கம் என்று அறிய வேண்டுமானால், அதே பெயரை வேறொரு செயலியில் தேடிப் பாருங்கள். அங்கும் கிடைத்தால் பெரும்பாலும் திறந்த பட்டியல் உண்டு என்று பொருள்.

இந்த வேறுபாடு 2024இல் நன்கு தெரிந்தது. அந்த ஆண்டு கூகுள் நிறுவனம் தன் பாட்காஸ்ட் செயலியை மூடிவிட்டது. அதில் நிகழ்ச்சிகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தங்கள் சந்தாக்கள் அனைத்தையும் ஒரு சிறு கோப்பாக எடுத்துக்கொண்டு, வேறு செயலிக்குச் சென்று கேட்க முடிந்தது. அந்தக் கோப்பின் பெயர் ஓ.பி.எம்.எல். அதன் வடிவத்தை வகுத்தவரும் அதே டேவ் வைனர்தான்.