வலமா, இடமா?

பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் வாதாபியை எரித்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். அவனிடம் அடைக்கலமாக இருந்த சிங்கள இளவரசன் மானவன்மன் இலங்கைக்குக் கப்பலேறும் காட்சியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்து நெசவாளர் ஒருவர் கேட்டுவிட்டார்: "அந்தக் கப்பலில் சுக்கான் பிடித்தவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார்?" ஜினகாஞ்சிக்காரருக்குக் கப்பல் கவலை எதற்கு என்று சிரிக்காதீர்கள். காஞ்சிக்கு வாய்த்தது கடல் அல்ல, வேகவதி ஆறுதான். அங்கிருந்துகொண்டுதான் நரசிம்மவர்மன் மானவன்மனுக்காகக் கடல் தாண்டிப் படை அனுப்பினான்.

இரண்டு பக்கமும் துடுப்பு இருந்திருக்கும் என்பது என் பதில். மானவன்மனுக்கு ஏறக்குறைய 200 ஆண்டு முந்தைய கப்பல் ஒன்று அஜந்தாவின் 2-ஆம் குகையில் ஓவியமாக நிற்கிறது. மூன்று பாய்மரம். அணியத்தில் கண் எழுதியிருக்கிறார்கள். தட்டில் வரிசையாகச் சாடிகள். பின்பக்க விலாவில் சுக்கான் துடுப்பு. ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களிலும் சுக்கான் விலாவில்தான்.

ஏன் இரண்டு? பக்கக்காற்று அடித்தால் கலம் சாயும். காற்று வரும் பக்கத்துத் துடுப்பு தண்ணீரை விட்டு எழும்பிவிடும். மறுபக்கத்தது ஆழ இறங்கிப் பிடிக்கும். குழித்தறியில் ஒரு மிதி இறங்க மறு மிதி எழுவதுபோல. கேட்டவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வட ஐரோப்பியர் வலப்பக்கம் மட்டும் ஒரு துடுப்பை மாட்டினார்கள். அது துறையில் இடிபடக் கூடாதென்று இடப்பக்கத்தைக் கரையோடு அணைத்தார்கள். சுக்கான் இருந்த பக்கம் ஸ்டார்போர்டு ஆயிற்று, எதிர்ப்பக்கம் லார்போர்டு. புயலில் கத்திப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். 1844-ல்தான் பிரிட்டிஷ் கடற்படை விழித்துக்கொண்டு, இடப்பக்கத்தை இனி 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. கடலாள்வதில் சூரர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்களின் லட்சணம் இது!

பக்கம் தீர்ந்துவிட்டதால் மானவன்மன் கதையை இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறபடி ஓட்டமாக முடிக்கிறேன். முதல் படையெடுப்பில், நரசிம்மனுக்கு உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்ததுமே பல்லவப் படை பாதியில் திரும்பிவிட்டது. வெட்கக்கேடு. அதனால் இரண்டாம் முறை மன்னன் தன் அணிகலன்களையே மானவன்மனுக்குப் பூட்டிக் கப்பலேற்றினான். மகாராஜாவே வருகிறார் என்று நம்பி வீரர்களும் ஏறிக்கொண்டார்கள். ஏமாற்றுவேலைதான், இருந்தாலும் வாதாபியைக் கொளுத்தியதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. அனுராதபுரத்துச் சண்டை அடுத்த வாரம்.