ஒற்றியூர்ப் பிள்ளை, வடலூர்ச் சாமி

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர் தேரடி வரைக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். இன்றைக்கு அந்த வழியில் நடப்பதென்றால் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை என்று கன்டெய்னர் லாரிகளின் நெடுஞ்சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். 1850களில் இதே தூரத்தை ஓர் இளைஞர் அடிக்கடி நடந்தார். கோயிலில் இருந்துவிட்டு இரவு வெகு நேரங்கழித்துத் திரும்பினார். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட 1856ல் அவர் இந்த ஊரில்தான் இருந்தார். கடிதங்களில் 'சிதம்பரம் இராமலிங்கம்' என்று கையெழுத்துப் போட்டவர். நாம் 'வள்ளலார்' என்று சொல்கிறவர்.

வடலூர் அவருடைய பிற்காலத்து ஊர். பிறந்தது 1823ல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் என்றாலும், தகப்பனார் இறந்ததும் தாயார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனது தன் பிறந்த ஊரான, பொன்னேரியை ஒட்டிய சின்னக்காவணத்துக்கு. அதாவது எண்ணூருக்கும் வடக்கே. அங்கிருந்து ஏழுகிணறு. 1858 வாக்கில் கருங்குழிக்குப் போகிறவரை ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பட்டணத்து வாழ்க்கைதான். ஆனால் வடசென்னை என்றால் துறைமுகம், தொழிற்சங்கம், குத்துச்சண்டை, கானா என்று அடுக்குகிற நாம் இந்த ஆளைச் சேர்த்துக்கொள்வதில்லை. வடலூர்க்காரர்களும் ஒற்றியூர்க் காலத்தை ஒரு முன்னுரையாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு மனிதர் மறைந்த பிறகு அவருக்கு எது முன்னுரை, எது முடிவுரை என்று தீர்மானிக்கிறவர்கள் யார் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் குடும்பம். மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். தம்பி படிக்கவில்லை என்று கோபித்து, வீட்டில் சோறு போடாதே என்று மனைவியிடம் சொல்கிறார். அண்ணி ஒளித்து வைத்துப் போடுகிறார். இன்னொரு நாள் ஒற்றியூரிலிருந்து நேரங்கழித்து வந்தவர் கதவைத் தட்டாமல் திண்ணையில் பசியோடு படுத்துவிடுகிறார். வடிவுடையம்மனே அண்ணி உருவத்தில் வந்து சோறு போடுகிறாள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருக்குப் பதிலாகப் போய் ஊரையே அசத்திய பாலப் பிரசங்கி கதையும் உண்டு. எல்லாச் சரித்திரங்களிலும் இவை வருகின்றன.

கதை பொய்யா மெய்யா என்று கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தக் கதை என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சம்பாதிக்காத தம்பி, வருமானம் குறைந்த வீடு, தாமதமாக வந்தால் எழுப்பத் தயக்கம், திண்ணை, வயிற்றில் பசி — வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. என் பெரியப்பா மகன் வேலையில்லாமல் இருந்த மூன்று வருஷமும் இப்படித்தான் இருந்தான். அம்மன் உள்ளே வந்ததும் பசி வெளியே போய்விடுகிறது. தம்பியைப் பட்டினி போட்ட அண்ணன் வீட்டின் சங்கடம், அம்மனே எழுந்தருளிய வீட்டின் பெருமையாக மாறிவிடுகிறது. பசி என்பதையே தத்துவத்தின் நடுவில் வைத்து, 1867 மே மாதம் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டிய மனிதரை அந்தத் திண்ணையிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். இன்றுவரை அணையாத அடுப்பு என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதற்கு முதல் சுள்ளி எங்கே பொறுக்கியது?

குடும்பத்தைவிடப் பெரிய காரியம் செய்தவர்கள் அன்பர்கள். இவர்களில் முதன்மையானவர் தொழுவூர் வேலாயுத முதலியார். 1849ல் மாணவராகச் சேர்ந்தவர், பிறகு பிரசிடென்சி கல்லூரியில் தமிழ்ப் பண்டிதர். இறுக்கம் இரத்தின முதலியார், புதுவை செல்வராய முதலியார் ஆகியோரும் சேர்ந்து பாடல்களை அச்சுக்குக் கொண்டுவரப் படாதபாடு பட்டார்கள். பாடல்கள் கைக்கு வருகிறவரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று இரத்தின முதலியார் பிடிவாதம் பிடிக்க, ராமலிங்கர் பதறிப்போய் 1860 டிசம்பரில் கடிதம் எழுதுகிறார். பசி என்றால் அந்த மனிதர் உருகிவிடுவார் என்று தெரிந்தே போட்ட முற்றுகை அது! கடைசியில் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். தன் பெயரை 'இராமலிங்கசாமி' என்று போடுவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்பது அவர் கடிதத்தின் சாரம்.

அன்பர்கள் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். எப்படி? 1867ல் முதல் நான்கு திருமுறைகள் புத்தகமாக வந்தபோது முகப்பில் 'சாமி' இல்லை. அதற்குப் பதிலாக 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று இருந்தது. பெயர் வைத்தவர் வேலாயுத முதலியார். நூலுக்குத் 'திருவருட்பா', பகுதிகளுக்குத் 'திருமுறை' — இவையும் அவர் காரியமே. பாடல்களை ஆறாக வகுத்ததும், எந்தப் பாட்டு எதில் என்று தீர்மானித்ததும், 'திருவருட்பா வரலாறு' என்று செய்யுளில் ஆசிரியரின் கதையைப் பாடிப் புத்தகத்தோடு சேர்த்ததும் அவர்தான். உயிரோடு இருக்கும் மனிதருக்கே புராணம் தயாராகிவிட்டது. வேண்டாம் என்றவருக்கு இன்னும் பெரிதாக ஒன்று கிடைத்தது.

இதன் விலையை வாங்கிக்கொண்டவர் ராமலிங்கர். 1869ல் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து 'போலியருட்பா மறுப்பு' வந்தது. தேவார திருவாசகங்களுக்கு உரிய 'அருட்பா' என்ற பெயரையும் 'திருமுறை' என்ற அந்தஸ்தையும் உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்பது அந்தச் சண்டையின் முதுகெலும்பு. அதாவது அடி விழுந்த இடம் பெரும்பாலும் சீடர் கட்டிய முகப்பு. சண்டை மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் போனது. அடுத்த தலைமுறையில் கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கம், மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் இன்னொரு பக்கம் என்று அருட்பா மருட்பாப் போராகத் தொடர்ந்தது. இதைச் சைவ உட்பூசல் என்று ஒதுக்குகிறவர்கள், ஒரு புத்தகத்தின் முகப்புத் தாள் எப்படி ஒரு மனிதரின் தலையெழுத்தாகிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அச்சு ஏறிய வரிசையைப் பாருங்கள். 1867ல் முதல் நான்கு. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் பிறகு காணப்படவில்லை. 1880ல் ஐந்தாம் திருமுறை. சாதியையும் சமயத்தையும் சாத்திரக் குப்பையையும் வெளிப்படையாகத் தூக்கியெறிகிற ஆறாம் திருமுறை 1885ல்தான் வெளிவந்தது. அதையும் வெளியிட்டது வேலாயுத முதலியார் அல்ல, வேறு அன்பர்கள். ஆசிரியரே நிறுத்தி வைக்கச் சொன்னார் என்று சன்மார்க்கிகள் சொல்வதுண்டு. இருக்கலாம். ஆனாலும் முதல் நான்கைப் படித்தே இரண்டு தலைமுறைச் சைவர்கள் ஒரு பக்தரை மனசில் வரைந்துகொண்டார்கள். சங்கத்தின் பெயரிலிருந்து 'வேத' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 1872ல் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று அவரே மாற்றியது அந்த ஓவியத்தில் ஏறவே இல்லை.

ஆறாம் திருமுறையை அச்சிடாத அதே கை 1882ல் வேறொன்றை எழுதியது. பிரம்மஞான சபைக்காரர்களுக்காக வேலாயுத முதலியார் ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தார். அந்த வருஷமே அவர்கள் அதை அச்சிட்டார்கள். அடையாறில் சபையின் தலைமையகம் அமைந்ததும் 1882 கடைசியில்தான். அந்த வாக்குமூலத்தின்படி ராமலிங்கர் தன்னைச் சுற்றியிருந்தவர்களிடம் நீங்கள் இந்த உலக சகோதரத்துவத்துக்கு லாயக்கானவர்கள் இல்லை, அதன் உண்மையான ஆட்கள் வடக்கே தூரத்தில் இருக்கிறார்கள் என்றாராம். தான் மறைந்த பிறகு ருஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து இதையே போதிப்பார்கள் என்றாராம். பிளாவட்ஸ்கி ருஷ்யக்காரி. ஆல்காட் அமெரிக்கர். அவர்கள் இந்தியாவுக்கு வந்து மூன்று வருஷம் கழித்து, குரு மறைந்து எட்டு வருஷம் கழித்து, இந்தத் தீர்க்கதரிசனம் சீடரின் ஞாபகத்துக்கு வருகிறது. கிழவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. குரு போய்விட்டார், சங்கம் சிதறிக் கிடக்கிறது, இவ்வளவு பெரிய மனிதர் சொன்னது வீணாகிவிடக்கூடாதே என்ற தவிப்பு அதில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் வாயால் கேட்டாலாவது நம் ஊர்க்காரன் நம்புவான் என்கிற காலனியக் கணக்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடியவைதான்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாக்குமூலத்தில்தான் ராமலிங்கரின் முகத்தையும் பார்க்க முடிகிறது. நடுத்தர உயரம், எலும்புக்கூடு மாதிரி மெலிந்த, ஆனால் பலமான உடம்பு, நிமிர்ந்து வேகமாக நடப்பவர், மெல்லிய நேர் மூக்கு, நெருப்பாக எரியும் பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துக்கம். காலில் செருப்பு உண்டு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு. இதை எழுதும்போது மட்டும் பண்டிதர் பண்டிதராக இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். இந்த முகம் நம் காலண்டர் எதிலும் கிடையாது. முக்காடு போட்டு, சாந்தமாக, கன்னம் பூரித்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர் யார்? போட்டோ பிடிக்க முயன்றபோதெல்லாம் துணி மட்டும் விழுந்தது, உருவம் விழவில்லை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். பண்ருட்டிக் குயவர் ஒருவர் செய்து வந்த மண் பொம்மையைக் கீழே போட்டு உடைத்தார் என்பதும் அவர்கள் சொல்வதுதான். உடைத்ததைப் பக்தியோடு எழுதிவிட்டு, படத்துக்கு மாலையும் போடுகிறோம்.

படம் போகட்டும், கோயிலே மாறியது. உருவ வழிபாடு வேண்டாம் என்று ஜோதிக்காகக் கட்டிய ஞானசபையில் லிங்க வழிபாடு நடந்து வந்தது. அன்பராகக் கூட இருந்த ஆடூர் சபாபதி சிவாச்சாரியாரின் வழிவந்த குடும்பம் அதைப் பரம்பரை உரிமையாகக் கொண்டது. 2006ல் அறநிலையத்துறை அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. 2010ல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவை உறுதி செய்தது. ஒரு மனிதர் எழுதி வைத்துப் போன விதியை அமலாக்க நூற்று முப்பத்தாறு வருஷமும் ஒரு நீதிபதியும் தேவைப்பட்டிருக்கிறது. 2023ல் ஆளுநர் வடலூருக்கே வந்து அவரைச் சனாதன தர்மத்தின் உச்ச நட்சத்திரம் என்றபோது நாமெல்லாம் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாற்காலியை 1867ன் நான்கு திருமுறை வாசகர்களே போட்டு வைத்திருந்தார்கள், ஆளுநர் வந்து உட்கார்ந்தார், அவ்வளவே.

நம் பங்குக்கு வருகிறேன். பகுத்தறிவுத் தரப்பும் இடதுசாரிகளும் ஆறாம் திருமுறையிலிருந்து பத்துப் பதினைந்து பாட்டை எடுத்துத் தட்டியில் எழுதி ஊர்வலம் போனோம். நானும் போயிருக்கிறேன். மிச்சத்தை 'ஆரம்பகாலப் பக்தி, பிறகு திருந்திவிட்டார்' என்று ஒதுக்கினோம். வேலாயுத முதலியார் பின்னால் வந்ததை நிறுத்தி வைத்தார். நாம் முன்னால் வந்ததை நிறுத்தி வைத்தோம். கத்தரிக்கோல் ஒன்றுதான், பிடித்த கை வேறு. ஒற்றியூர் மீது பாடிய நூற்றுக்கணக்கான பாடல்களில் 'வடிவுடை மாணிக்க மாலை' தவிர எதையும் நம்மில் பலர் புரட்டியதில்லை. அவற்றில் தன்னையே திட்டிக்கொண்டு, வெட்கப்பட்டு, செல்வர் வீட்டு வாசலில் நிற்க மாட்டேன் என்று முரண்டு பிடித்து, மறுபடி அழுகிற ஒரு பட்டணத்து ஏழை இருக்கிறார். சாதியைத் தூக்கியெறிந்த பிற்காலத்துக் குரல் இந்தக் குரலில் ஊறித்தான் வந்தது. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாகக் கடிதங்கள் உட்பட எல்லாவற்றையும் திரட்டிப் போட்டதாலும், 1972ல் ஊரன் அடிகள் திருமுறை வரிசையைக் கலைத்துக் கால வரிசையில் அடுக்கியதாலும்தான் நமக்கு இப்படிப் பேசவாவது முடிகிறது. அவர்களும் அன்பர்களே. உள்ளே இருக்கிறவர்கள் மூடவே செய்வார்கள் என்றும் சொல்லிவிட முடியாது.

போன தைப்பூசத்துக்கு முதல் நாள் திருவொற்றியூரில் ஒரு சன்மார்க்க சங்கத்துக் கஞ்சித் தொட்டியருகே நின்றிருந்தேன். ஹார்பரில் வின்ச் ஓட்டி ரிட்டயரான பெரியவர் ஒருவர்தான் அங்கே எல்லாம். மண் பொம்மை உடைந்த கதையை அவரிடம் சொன்னேன். கரண்டியை நிறுத்தாமல் கேட்டார்.

"பொம்மையே வேணாம்னு ஒடச்சாரா? அப்ப இந்தப் படத்த யாருப்பா மாட்டினது?"

"நாமதாங்க."

"நான்தான் மாட்டினேன்" என்று சிரித்தார். "ஆனி அடிச்சது கூட எனக்கு ஞாபகம் கீது. ஒரு அடையாளம் வேணும்ல தம்பி, சோறு போடற எடம்னு ஜனங்களுக்குத் தெரியறதுக்கு." வரிசையில் எண்ணூர்ப் பக்கத்து காண்ட்ராக்ட் ஆட்கள் நாலைந்து பேர், லாரி க்ளீனர் பையன்கள், ஒரு கைக்குழந்தைக்காரி. தூக்கு நீட்டினார்கள். யாரும் படத்தைப் பார்க்கவில்லை.