முகவலியும் உறங்காத உடலும்

மார்த்தாண்டத்துக்கு அருகே நெய்யூர். 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே வந்து லண்டன் மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் பின்னர் அறுவை மருத்துவராகத் தங்கிய ஊரும் அதுவே. அங்கே பணியாற்றிய இயான் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்று குறித்து 1933இல் லான்செட்டில் எழுதினார். நோய்க்காரணம், நோய்க்கூறு, சிகிச்சை என்று தலைப்பே வரிசை போடுகிறது. நோயாளியின் இரவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. இதை ஆரின் குற்றமாகச் சொல்லவில்லை. காலனிய மருத்துவத்தின் கண் புண்ணைப் பார்க்கப் பழகியது.

புண்ணே இல்லாத முகவலியை என்ன செய்வது? 1756இல் பிரான்சில் நிக்கோலா ஆந்த்ரே அதற்குப் பெயரிட்டார். 1773இல் லண்டனில் ஃபாதர்கில் விவரித்தார். காற்றுப்பட்டாலே, பல் தேய்த்தாலே மின்சாரம்போல் வெட்டும் நோவு. பல்தான் காரணமென்று நல்ல பற்களைப் பிடுங்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. வலிப்புக்கான கார்பமாசெபின் இதற்கும் கேட்கிறது என்பது 1962இல்தான் எழுதப்பட்டது.

வெட்டாமல், மந்தமாக, மாதக்கணக்கில் அரிக்கும் முகவலியின் கதை வேறு. அது 'வழக்கத்துக்கு மாறானது' என்ற பெட்டிக்குள் போடப்பட்டது. யாருடைய வழக்கத்துக்கு? பெட்டிக்குள் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பல் டாக்டர், காது மூக்கு டாக்டர், நரம்பு டாக்டர் என்று அலைந்து கடைசியில் கேட்பது: 'ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்.'

மனசும் உண்டுதான். ஆனால் எந்தத் திசையில்? நோவு ஒறக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட ஒறக்கம் மறுநாள் நோவைக் கூட்டுகிறது, பயமும் சோர்வும் அதில் ஏறிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஓப்பேரா ஆய்வு வலியில்லாதவர்களைத் தொடர்ந்து கவனித்தது. தாடைவலி தோன்றுமுன்பே ஒறக்கம் மோசமாகிவந்ததை 2016இல் வெளியிட்டது. அப்படியானால் இங்கே விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு 'நல்லா ஒறங்குங்க' என்பது மருத்துவமா, கிண்டலா?

வலி என்பது உணர்வு, உணர்ச்சி இரண்டும் சேர்ந்த அனுபவம் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வரையறுத்தது. 2020இல் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்கவேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. இதைச் சொல்ல அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

இன்று இவ்வலிக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுகிறார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. மருந்துக்கடையில் 'இது மனநோய் மாத்திரையாச்சே' என்பார்கள். பயந்து அன்றைக்கே நிறுத்திவிட்டு, பழையபடி தாடையைப் பொத்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.