வேடந்தாங்கல் பெற்ற கவுல்

மார்கழி, தை மாதங்களில் பொழுது சாயும்போது வேடந்தாங்கல் ஏரிக்கு மேலே வரவும் போக்கும் ஒருசேர நடக்கும். அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் கொக்குகளும் கூட்டங்கூட்டமாக வந்து நீர்க்கடம்பு மரங்களில் இறங்கும். பகலெல்லாம் அதே கிளைகளில் ஒடுங்கியிருந்த வக்காக்கள் அப்போதுதான் இரை தேடக் கிளம்பும். ஏரியின் பரப்போ ஏறத்தாழ 30 ஹெக்டேர். இத்தனை பறவைக்கு அதிலுள்ள மீன் எந்த மூலைக்கு? அவை சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும் மேய்ந்துவிட்டு வந்து எச்சத்தை இங்கே இடுகின்றன. எச்சம் கலந்த அந்த ஏரித் தண்ணீர்தான் மதகு வழியாக ஆயக்கட்டுக்குப் பாய்கிறது. பல ஊர் மண்ணின் சத்து ஓர் ஊரின் பாசனத்தில் வந்து சேர்கிறது. இதை மனத்தில் வைத்துப் படித்தால்தான் இவ்வூரின் வரலாறு விளங்கும்.

பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மீது ஊரார் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக் கூடாதென்ற எழுத்துறுதியான கவுலை 1798இல் பெற்றார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்பின் முன்னோடி என்று இதைக் கொண்டாடுகிறோம். என் பார்வையில் அது முதலில் ஒரு பாசன உரிமை ஆவணம். அக்காலக் கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைப்புக் காட்டியவர். மதுராந்தகத்தில் ஏரிக்கரையை ராமர் காத்து நின்றதைக் கண்டதாக ஏரிகாத்த ராமர் கோயில் கதை சொல்லும் துரை அவரேதான். கரை உடைந்தால் விளைச்சல் போகும், விளைச்சல் போனால் கும்பெனியின் வரி போகும் என்று அறிந்த அதிகாரி அவர். பறவை போனால் வயலின் உரம் போகும் என்ற வழக்கு அவரிடம் எடுபட்டதில் வியப்பில்லை. கவுல் கொடுத்தவர் துரை என்பதால் பெருமை அவருக்கே என்பாரும் உண்டு. கேட்டவர்கள் இல்லாமல் கொடுத்தவர் ஏது? பறவையின் பயனைக் கண்டறிந்ததும், அதற்காக ஆயுதம் தாங்கியவர்களை எதிர்த்து வழக்காடியதும் உழவர்கள்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. யூரியா மூட்டை வந்தபின் எச்சத்தின் மதிப்பு குறைந்தது. உரம்தான் காரணமென்றால் ஊரின் அக்கறையும் குறைந்திருக்க வேண்டுமே? நியாயமான கேள்வி. உரக்கணக்கு இவ்வழக்கத்தின் தொடக்கத்தை விளக்குகிறது, நீடிப்பை முழுதாக விளக்காது. தலைமுறைகள் கடைப்பிடித்த ஏற்பாடு ஊரின் மானமாகிவிடுகிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளின் பண்டிகை ஆசையை எந்த உர லாபமும் ஈடுகட்டாது.

உழவர்களுக்குத் தெரிந்திருந்த இன்னொன்றைத்தான் நாம் மறக்கிறோம். 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரும் அதில் சேர்க்கப்பட்டது. 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்க முன்மொழிவு வந்தது. ஏரி அப்படியே இருக்கத்தானே போகிறது என்று கேட்கலாம். ஆனால் ஏரியில் பறவை தங்குகிறது, கூடு கட்டுகிறது. வயிறு நிறைவது வெளியே. விலக்க நினைத்த வளையத்தில் இருப்பவை நத்தைகுத்தி நாரை நத்தை பொறுக்கும் நெல்வயல்களும், நீர்க்காகம் மீன் பிடிக்கும் சிற்றேரிகளும்.