மாடி வீடும் வைஃபை திசைவியும்

வெளியிலிருந்து கம்பி வழியே வரும் இணைய இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்கு வானொலி அலைகளாகப் பகிர்ந்தளிக்கும் பெட்டியே கம்பியில்லாத் திசைவி (ரவுட்டர்). கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இன்று கான்கிரீட் மாடிகள் எழுந்துள்ளன. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்கு வந்தபோது, கூடத்தில் நன்றாகக் கிடைத்த இணையம் மாடியறையில் கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் கேட்ட பிள்ளைகள் உண்டு. கோளாறு பெட்டியில்தான் என்று பலரும் நினைத்தனர். பெரும்பாலும் அது வீட்டின் தளத்தில் இருந்தது.

அலை சுவரைக் கடக்குமா என்ற கேள்வி இந்தியாவுக்குப் புதிதன்று. 1890-களில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இடையில் சுவர்கள் இருந்தும் நுண்ணலைகளை அனுப்பித் தொலைவில் மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். கணினிகளை வானொலியால் இணைக்கும் முயற்சி 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவின் அலோஹாநெட் மூலம் நடைமுறைக்கு வந்தது. அது தீவுகளுக்கு இடையே கடலைத் தாண்டிய இணைப்பு. வீட்டுக்குள் வேறொரு சிக்கல் இருந்தது: அலை சுவரிலும் பீரோவிலும் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி பல எதிரொலிகளாக வந்து குழம்பும். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டனர். வெடிக்கும் சிறு கருந்துளைகளைத் தேடிய வானியல் ஆய்வில் ஓ'சல்லிவன் பயன்படுத்திய கணிதம் அதற்கு உதவியது. கருந்துளை அகப்படவில்லை, வைஃபை அகப்பட்டது. 1997-இல் வெளியான முதல் தரநிலையின் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 'வைஃபை' என்ற பெயர் 1999-இல் சூட்டப்பட்டது.

இந்தியாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ அக்காலத்திலேயே, தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நீண்டதூர வைஃபையால் இணைத்தனர். நோயாளி தன் ஊரிலேயே இருந்தபடி மருத்துவரைத் திரையில் பார்க்க முடிந்தது. கோபுரத்தில் பொருத்திய, ஒரே திசையை நோக்கிய ஆன்டெனாக்கள் பத்து கிலோமீட்டருக்கு மேலும் இணைப்பைக் கொண்டுசென்றன. வெட்டவெளியில் அவ்வளவு தூரம் போகும் அலைதான் வீட்டில் ஐந்தங்குலத் தளத்தில் தடுமாறுகிறது.

காரணம் கான்கிரீட்டும் அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பி வலையும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துப் போட்ட பழைய மெட்ராஸ் தளத்தில் இந்தக் கம்பி வலை இல்லை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஊர். மின்சாரத்தைக் கடத்தாத அந்தப் பீங்கானும், தரையில் பதிக்கும் ஓடும் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் தண்ணீர்த் தொட்டியும்தான் அதிகம் தடுக்கின்றன. 2.4 ஜிகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு அதில் ஏறத்தாழப் பாதி. பின்னது வேகமானது, ஆனால் சுவரையும் தளத்தையும் கடக்கும்போது கூடுதலாக வலுவிழக்கும். 5 ஜிகாஹெர்ட்ஸில் உரிமம் தேவைப்படாத பகுதி இந்தியாவில் 2018-இல் பெரிதும் விரிவாக்கப்பட்டது.

ஆகவே மாடி வீட்டுக்குப் பெட்டி வாங்குவோர் இரண்டு அலைவரிசையும் உள்ளதையே தேர்ந்தெடுப்பது நல்லது. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நேர்மேலே குறைவு. அதனால் ஒன்றைப் படுக்கவைத்துப் பார்க்கலாம். படிக்கட்டின் திறப்பை ஒட்டிப் பெட்டியை வைத்தால் அலை தளத்தைத் துளைக்காமல் அவ்வழியே ஏறும். தொலைக்காட்சி அலமாரிக்குள் ஒளித்துவைப்பதைப் போன்ற தவறு வேறில்லை. மூன்று தளம் என்றால் ஒரே பெட்டி போதாது. 2016 முதல் வீட்டுச் சந்தைக்கு வந்த மெஷ் கருவிகள் தளத்துக்கு ஒன்றாக நின்று ஒரே பெயரில் இயங்கும். அவற்றையும் அலையால் இணைக்காமல் கம்பியால் இணைப்பதே உறுதியானது. வீடு கட்டும்போதே மின்கம்பிக் குழாயுடன் இன்னொரு குழாயைத் தளத்துக்குத் தளம் விட்டுவைத்தால் பின்னாளில் சுவரை உடைக்கும் வேலை இராது.